குளிர்காலத்தில் நீலகிரிக்கு வரும் பிளவுவால் உழவாரன்: இதை எந்த இனமாகப் பதிவது?

கோடநாடு வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், கோடநாடு காட்சிமுனையின் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மேலெழும் காற்றில், பறந்தபடியே பூச்சி பிடிக்கும் உழவாரன்களின் கூட்டமொன்று நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரும்பாலானவை நாம் வழக்கமாகக் காணும் ஆல்பைன் உழவாரன்களே. அவற்றோடு கலந்து, அவற்றைவிடச் சிறியனவாக, உடல் முழுதும் கருமையாக, பிட்டத்தில் மட்டும் வெண்பட்டையோடு, ஆழப் பிளந்த நீண்ட வாலுடன் சில பறவைகள் இருந்தன. திரும்பும்போது வாலை விரித்தபோது பிளவு தெளிவாகத் தெரிந்தது. நேராகப் பறக்கும்போது வால் ஒரே கூர்முனையாக ஒடுங்கிவிட்டது.

உடனிருந்த நண்பர்கள் இவற்றைப் பிளித் உழவாரன் என்று எழுதிவிடச் சொன்னார்கள். காரணம் கேட்டேன். "இங்கே வருவது அதுதான்" என்றார்கள். அடையாளத்துக்கு இதுவே போதுமான சான்றா, அல்லது பறவையிலேயே பார்த்துச் சொல்லத்தக்க கூறு ஏதேனும் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பூம்பாறை எழுதியது:

முதலில் வேறு எவையெல்லாம் அல்ல என்பதை முடித்துவிடுவோம். பழனி மலையிலும் நீலகிரியிலும் வானில் காணும் உழவாரன்களுள் வெண்பிட்டம் உள்ளவை சிலவே. சமவெளிக் கோயில் கோபுரங்களிலும் பாலங்களின் அடியிலும் கூடு வைக்கும் நாட்டு உழவாரனுக்கு வெண்பிட்டம் உண்டு. ஆனால் அதன் வால் குட்டையானது, நுனி ஏறக்குறைய நேராக வெட்டியது போன்றது, விரித்தால் வட்டமாகிவிடும். வெண்பிட்ட முள்வால் உழவாரனுக்கும் பெயருக்கேற்ற வெண்மை உண்டு. ஆனால் அது தடித்த குட்டை உருவம், வயிற்றின் பின்பகுதியும் வெளுத்திருக்கும், சோலைகளின் மேல் படபடவெனச் சிறகடித்துச் செல்லும். (அதன் பேரினத்தில் உள்ள மற்ற இரண்டு இனங்களும் மடகாஸ்கரிலும் சாவோ டோமே தீவிலும் வாழ்கின்றன என்பதை முதன்முதலில் படித்தபோது, நம் சோலைக்கு மேல் பறக்கும் இந்தச் சின்னஞ்சிறு பறவையை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.)

பனை உழவாரனுக்கு வால் பிளந்திருந்தாலும் பிட்டத்தில் வெண்மை இல்லை. அது பனைமரங்களை ஒட்டியே வாழ்வது, பெரியகுளம், வத்தலகுண்டுப் பக்கம் கீழே பார்க்கலாம். குகைகளில் கூடு வைக்கும் இந்தியச் சிற்றுழவாரன் முழுவதும் மங்கிய பழுப்பு. பழுப்புமுதுகு முள்வால் உழவாரன் உருவத்தில் மிகப் பெரியது, அதன் வால் பிளவுபட்டதும் அன்று. ஆகவே நீங்கள் விவரித்த பறவை பசிபிக் உழவாரன் தொகுதியை, அதாவது பிளித் உழவாரனும் அடங்கிய, ஒன்றையொன்று மிகவும் ஒத்த சில இனங்களின் குழுவைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தொகுதிக்குள் எது என்பதுதான் கேள்வி.

லேம்ஸ்ராக் பாறை எழுதியது:

வெண்பட்டை உடலின் பக்கங்களுக்கும் வளைந்து இறங்கியிருந்ததா, அல்லது முதுகின் மேல் மட்டும் இருந்ததா? நாட்டு உழவாரனில் அது பக்கவாட்டில் நன்றாக வளைந்து இறங்கும், கீழிருந்து பார்த்தாலும் ஓரத்தில் தெரியும். தொலைவில் வாலின் வடிவம் தெரியாதபோது நான் இதைத்தான் நம்புவது.

கோடநாடு வாசி எழுதியது:

முதுகின் மேல் மட்டுமே. காட்சிமுனையிலிருந்து கீழே பார்த்ததால் முதுகுப்புறம் நன்றாகத் தெரிந்தது. பட்டை குறுகலாகத்தான் தோன்றியது. ஆனால் எதனோடு ஒப்பிட்டுக் குறுகல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர்கள் அனுமதித்தால் வகைப்பாட்டின் வரலாற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இன்று நாம் தடுமாறுவதற்கான காரணம் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

பசிபிக் உழவாரனை முதலில் விவரித்தவர் இங்கிலாந்தின் ஜான் லாத்தம், காலம் 1801-1802. அவர் அதற்கு வைத்த பெயர் ஹிருண்டோ பசிஃபிகா, அதாவது உழவாரனைத் தகைவிலானோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார். லின்னேயஸும் 1758இல் ஆல்பைன் உழவாரனை ஹிருண்டோ என்றே சேர்த்திருந்தார். வாயைத் திறந்துகொண்டு பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பறவைகள் என்ற தோற்ற ஒற்றுமை இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிட்டது; உறவு முறையிலோ உழவாரன்கள் தகைவிலான்களைவிடத் தேன்சிட்டு போல் அந்தரத்தில் நின்று தேனருந்தும் அமெரிக்க ஓசனிச்சிட்டுகளுக்கு நெருங்கியவை. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. லாத்தம் விவரித்த பறவை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்குரியது. அங்கே இந்தப் பறவை இனப்பெருக்கம் செய்வதே இல்லை. சைபீரியாவிலிருந்து கம்சாட்கா, ஜப்பான் வரை குஞ்சு பொரித்துவிட்டுத் தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியா வரை குளிர்காலத்தைக் கழிக்கச் செல்லும் பறவை, அது விருந்தினராகத் தங்கும் இடத்திலிருந்து அறிவியலுக்கு அறிமுகமானது.

கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித், 1845இல் இந்தியப் பறவையைத் தனியாக விவரித்து லூகோனிக்ஸ் என்று பெயரிட்டார். ஹாரிங்டன் 1913இல் குக்கி என்ற வடிவத்தைச் சேர்த்தார்; இது தென்கிழக்காசியாவின் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் கூடு வைப்பது. திபெத்துப் பீடபூமியின் கிழக்கிலும் சிச்சுவானின் மேற்கிலும் வாழும் வடிவத்துக்கு 1958இல் டேவிட் லேக், சாலிம் அலியின் பெயரை வைத்தார். உழவாரன்களின் வாழ்வையே பல ஆண்டுகள் ஆய்ந்த லேக், இந்தியப் பறவையியலில் தன் காலத்து முதன்மையாளரின் பெயரை ஓர் உழவாரனுக்குச் சூட்டியது பொருத்தமானதென்றே நினைக்கிறேன்.

இவையெல்லாம் நீண்ட காலம் ஏபஸ் பசிஃபிகஸ் என்ற ஒரே இனத்தின் உள்ளினங்களாகவே கருதப்பட்டன. நம் மலைகளில் பழைய குறிப்பேடு வைத்திருப்பவர்கள் "பிளவுவால் உழவாரன்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அக்காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பால் லீடர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்துள்ள பறவைத் தோல்களின் அளவுகளையும் இறகு நிறத்தையும் ஒப்பிட்டு, இத்தொகுதியைப் பசிபிக், பிளித், சாலிம் அலி, குக் என நான்கு இனங்களாகப் பிரிக்க வேண்டும் என்றது. 2012இல் பழைய உலக உழவாரன்களைப் பற்றி மரபணு ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. மேகாலயாவின் செங்குத்துப் பாறைகளில் கூடு வைக்கும் கரும்பிட்ட உழவாரனும் இத்தொகுதியின் நெருங்கிய உறவினரே. அதற்கு வெண்பட்டையே இல்லை என்பதை நினைத்தால், நாம் இவ்வளவு நம்பும் இந்த வெண்பட்டை உறவைக் காட்டுவதில் எவ்வளவு நம்பத்தகாதது என்பது விளங்கும். பெரும்பாலான உலகப் பட்டியல்கள் இன்று நான்கு இனப் பிரிவை ஏற்றுக்கொண்டுவிட்டன.

இதன் விளைவு என்னவென்றால், லீடர் கையில் எடுத்து அளந்து கண்ட வேறுபாடுகளை, நாம் அரை கிலோமீட்டர் தொலைவில், விரைந்து பறக்கும் பறவையில் காண முயல்கிறோம்.

மலைத்தேன் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் இதை இவ்வளவு சிக்கலாக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. பிளித் உழவாரன் இமயமலையின் பாறைச்சரிவுகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர் தொடங்கியதும் இறங்கித் தீபகற்ப இந்தியாவுக்குள் வருகிறது. பசிபிக் உழவாரனோ கிழக்கே சீனா, இந்தோசீனா வழியாகத் தெற்கே போகிறது. நம் மலைகள் முன்னதன் பாதையில் இருக்கின்றன, பின்னதன் பாதையில் இல்லை. கோடநாட்டில் நூறு பறவைகளைப் பார்த்தால் அத்தனையும் பிளித்தாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். வெள்ளைவாலாட்டியையும் கதிர்க்குருவியையும் காலமும் இடமும் பார்த்துத்தான் பாதி அடையாளம் சொல்கிறோம்.

மேலும், பறவை பார்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களிடம் "எதுவும் எழுதாதே" என்று சொன்னால் அவர்கள் உழவாரன் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள். ஏற்கெனவே தலைக்கு மேல் பறக்கும் எதையும் "குருவி" என்று தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

குன்னூர் ஆசிரியை எழுதியது:

மலைத்தேன் அவர்களின் கடைசி வரியோடு முழுவதும் உடன்படுகிறேன். முதல் பத்தியோடு அல்ல.

இடம் பார்த்து அடையாளம் சொல்வது தவறில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். "இந்தப் பறவை எதுவாக இருக்கக்கூடும்" என்ற கேள்விக்கு இடம் நல்ல விடை தரும். "பிளித் உழவாரனின் குளிர்காலப் பரவல் எது" என்ற கேள்விக்கு அதே பதிவைச் சான்றாகக் காட்டினால், நாம் பையில் போட்டதையே திரும்ப எடுத்துக்கொண்டு புதையல் கிடைத்தது என்கிறோம். நூலில் உள்ள பரவல் வரைபடம் நீலகிரியில் பிளித் என்கிறது. அதை நம்பி நாம் பிளித் என்று பதிகிறோம். நம் பதிவுகளைத் திரட்டி அடுத்த வரைபடம் நீலகிரியை இன்னும் அழுத்தமாக வண்ணமிடுகிறது. இந்தச் சுற்றில் பறவையை யாரும் பார்க்கவே இல்லை.

வெள்ளைவாலாட்டியில் இது பெரிய தீங்கில்லை. அதன் பயணங்கள், பறவையின் காலில் அடையாள வளையம் மாட்டிவிடும் ஏராளமான வளையமிடல்களாலும் தெளிவான இறகுக் கூறுகளாலும் தனியாக உறுதிசெய்யப்பட்டவை. உழவாரனில் அப்படி அன்று. சாலிம் அலி உழவாரன் குளிர்காலத்தில் எங்கே தங்குகிறது என்பது இன்னும் தெளிவாகப் பதிவாகவில்லை. அது எங்கே போகிறது என்றே நிறுவப்படாதபோது, "அது இங்கே வராது" என்று எந்த வரைபடத்தை வைத்துச் சொல்வது?

உழவாரன்கள் வரைபடத்துக்குக் கட்டுப்படும் பறவைகளும் அல்ல. 1981 ஜூனில் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், வட கடலில் இருந்த எரிவாயு மேடை ஒன்றில் ஒரு பசிபிக் உழவாரன் பிடிபட்டது. பீஜிங்கில் கூடு வைக்கும் சாதாரண உழவாரன்களின் முதுகில் சிறு பதிவுக் கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அவை ஆசியா முழுவதையும் குறுக்காகக் கடந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் சென்று திரும்புவது தெரியவந்தது. அதற்கு முன் யாராவது பீஜிங் உழவாரனுக்கு "வாய்ப்பு அதிகம்" என்ற முறையில் ஒரு குளிர்கால இடத்தை ஊகித்திருந்தால், பக்கத்திலிருக்கும் தென்கிழக்காசியாவைத்தான் காட்டியிருப்பார்.

மலைத்தேன் எழுதியது:

வட கடலில் வழி தவறி வந்த ஒற்றைப் பறவையைக் காட்டிக் கோடநாட்டுக் கூட்டத்தைச் சந்தேகிப்பது நியாயமா? அது விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதி எழுதக் கூடாது.

குன்னூர் ஆசிரியை எழுதியது:

விதி எது என்பதைத் தனியாக நிறுவிய பிறகுதான் ஒன்றை விதிவிலக்கு என்று சொல்ல முடியும். பிளித் உழவாரனுக்கு இமயமலை தொடர்பான பகுதி நிறுவப்பட்டிருக்கிறது. தீபகற்பத்தில் குளிர்காலத்தில் இத்தொகுதிப் பறவைகள் இருப்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கோடு பெரும்பாலும் ஊகம். நல்ல ஊகம்; சரியாகவும் இருக்கக்கூடும். அதை ஊகம் என்று எழுதிவையுங்கள் என்பதைத் தவிர நான் வேறெதுவும் கேட்கவில்லை.

பூம்பாறை எழுதியது:

வாழிடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவுப் படிவங்களில் "வாழிடம்" என்ற கட்டத்தில் சிலர் "தேயிலைத் தோட்டம்" என்றும் சிலர் "சோலைக்காடு" என்றும் நிரப்புகிறார்கள். வலசை வந்த உழவாரனுக்கு இவை எதுவும் பொருந்தாது. கூடு வைக்கும் காலத்தில் அதற்குப் பாறைவெடிப்போ குகையோ கட்டடத்தின் பொந்தோ வேண்டும். உமிழ்நீரால் புல்லையும் இறகையும் ஒட்டிக் கிண்ணம் போலக் கூடு செய்ய ஒரு செங்குத்துப் பரப்பு வேண்டும். நம் மலைகளுக்கு வரும்போது அந்தத் தேவை இல்லை. அப்போது அதன் வாழிடம் காற்று, அதிலும் பூச்சிகளை மேலே தூக்கிவரும் காற்று.

சுவிட்சர்லாந்தில் ஆல்பைன் உழவாரன்களுக்குக் கருவி பொருத்தி 2013இல் வெளியான ஆய்வு, அவை மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்தபோது 200 நாள்கள் வரை தரையிறங்காமலேயே பறந்ததைக் காட்டியது. சாதாரண உழவாரனில் சில பறவைகள் ஏறக்குறைய 10 மாதங்கள் வரை வானிலேயே இருந்தன என்று 2016இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. உணவு, நீர், உறக்கம் எல்லாம் அங்கேயே. இதை அப்படியே பிளவுவால் உழவாரனுக்கும் ஏற்றிச் சொல்லிவிடக் கூடாது. எனினும் அதன் காலமைப்பும் சிறகமைப்பும் அதே குடும்பத்து வார்ப்பு. நான்கு விரல்களும் முன்னோக்கியே வளைந்த அந்தக் கால், பாறையைப் பற்றித் தொங்க உதவுமேயன்றிக் கிளையில் அமர உதவாது. (முதுமலை, மசினகுடிப் பக்கம் பட்ட மரக்கிளைகளில் ஒய்யாரமாக அமர்ந்திருக்கும் கொண்டை உழவாரனைப் பார்த்துவிட்டு யாரும் இங்கே மறுக்க வேண்டாம். அது வேறு குடும்பம்.)

அதனால்தான் கோடநாடு, லேம்ஸ்ராக், கொடைக்கானல் தூண் பாறை, வட்டக்கானல் டால்பின் மூக்கு போன்ற விளிம்புகளில் இவற்றை மிகுதியாகக் காண்கிறோம். பாறை இருப்பதால் வருகின்றன என்று எண்ணுகிறோம். என் கணிப்பில், சமவெளியின் சூடான காற்று மலைமுகட்டில் மோதி மேலெழுவதும் அதனோடு பூச்சிகள் திரள்வதுமே முக்கியக் காரணம். முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில், பாறையே இல்லாத ஏரிக்கரையின் மேலும் இவை தாழ இறங்கிவிடும். மேகம் முகட்டை மூடினால் கூட்டம் முழுதும் நொடியில் மறைந்து, பல மைல்களுக்கு அப்பால் தெளிந்த வானத்தைத் தேடிப் போய்விடும். இன்று கோத்தகிரியில் பார்த்த பறவை மறுநாளும் நீலகிரியில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. "நீலகிரியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது" என்ற சொற்றொடரையே நான் தயங்கித்தான் பயன்படுத்துவேன். "நீலகிரியின் மேல் காணப்படுகிறது" என்பது எனக்குப் போதும்.

லேம்ஸ்ராக் பாறை எழுதியது:

அப்படியானால் களத்தில் செய்யக்கூடியது என்ன? எல்லாரும் "முடியாது" என்பதையே நீளமாக எழுதுகிறீர்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நியாயமான கேள்வி. பிளித் உழவாரன் பசிபிக் உழவாரனைவிட உருவில் சிறியது. பசிபிக் உழவாரனின் நீளம் 17 முதல் 18 செ.மீ. வரை. பிளித்தின் பிட்டத்து வெண்பட்டை குறுகியது, வாலின் பிளவும் ஆழம் குறைந்தது. தனிப் பறவையின் உருவ அளவை வானத்தில் மதிப்பிட முடியாது. ஆனால் ஒரே படத்தில் ஆல்பைன் உழவாரனும் சேர்ந்து வந்தால் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஆல்பைன் உழவாரனின் சிறகு விரிவு ஏறத்தாழ 55 முதல் 60 செ.மீ. வரை, வயிற்றின் வெண்மையால் எந்தப் படத்திலும் அது தன்னை அறிவித்துவிடும். கோடநாட்டுக் கூட்டம் கலப்புக் கூட்டம் என்பது இந்த வகையில் நற்பேறு.

முதுகுப்புறப் படம்தான் வேண்டும். நம்மில் பலர் வானத்தை நோக்கிக் கீழ்ப்புறத்தைப் படமெடுத்து அனுப்புகிறோம். அடிவயிற்று இறகுகளின் வெளுத்த ஓரங்கள் செதில் செதிலாகத் தெரிவது அழகாக இருக்கும். ஆனால் அது இத்தொகுதிக்கே பொதுவானது, உள்ளே பிரிக்க உதவாது. பள்ளத்தாக்கைக் கீழே பார்க்கும் காட்சிமுனைகள் நம் மலைகளில் இருப்பது சமவெளிக்காரர்களுக்கு இல்லாத வாய்ப்பு. பட்டையின் அகலத்தை வாலின் நீளத்தோடு ஒப்பிட்டு விகிதமாகக் குறிக்கலாம். வெயில் நேராகப் படும்போது வெண்மை பரந்து ஒளிர்ந்து பட்டையை அகலமாகக் காட்டும் என்பதால், மெல்லிய மேகமூட்டத்தில் எடுத்த படங்களே நம்பத்தக்கவை. வால் பிளவை அளவிடும் முன், வெளி இறகுகள் முழுமையாக வளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இறகுதிர்க்கும் பறவையில் பிளவு குறைந்து தோன்றும், அதைப் பிளித்தின் அடையாளமாக எண்ணிவிடக் கூடாது.

குரலை நம்பிப் பயனில்லை. கூடு வைக்கும் இடங்களில் கூச்சலிடும் இப்பறவைகள் இங்கே பெரும்பாலும் அமைதியாகவே இருக்கின்றன.

கோடநாடு வாசி எழுதியது:

என்னிடமிருக்கும் படங்களுள் இரண்டில் ஆல்பைன் உழவாரனும் இப்பறவையும் ஏறக்குறைய ஒரே தொலைவில் வருகின்றன. இரண்டும் முதுகுப்புறம் தெரியும் படங்கள். ஒளி மங்கலாகத்தான் இருந்தது. முழு அளவுக் கோப்புகளைக் குழுவின் சேமிப்பில் ஏற்றியிருக்கிறேன். வெளி இறகுகள் முழுமையாக இருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பார்த்தேன். பட்டை குறுகியது, உருவமும் பசிபிக் உழவாரனுக்கு எதிர்பார்ப்பதைவிடச் சிறியதாகவே தோன்றுகிறது. பசிபிக் உழவாரனை விலக்கலாம் என்பது என் கருத்து. பட்டை குறுகியது என்பதால் மட்டும் பிளித் ஆகிவிடாது. சாலிம் அலி உழவாரனுக்கும் குறுகிய பட்டைதான், ஆனால் அதன் வால் நீண்டது, பிளவும் ஆழமானது. உங்கள் படங்களில் வால் பாதி ஒடுங்கிய நிலையில் இருக்கிறது. முதல் பதிவில் "ஆழப் பிளந்த" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னை இன்னும் நிறுத்தி வைக்கிறது. வால் முழுதும் விரிந்த முதுகுப்புறப் படம் ஒன்று கிடைக்கும் வரை நான் இதைப் பிளித் என்று உறுதிப்படுத்த மாட்டேன்.

மலைத்தேன் எழுதியது:

நான் என் குறிப்பேட்டில் பிளித் என்றே எழுதுவேன். ஆனால் ஆசிரியை கேட்டபடி, அருகில் "இடம் கருதி" என்று சேர்த்துக்கொள்கிறேன். படத்தில் பார்த்து எழுதினால் "பட்டை, வால் கண்டு" என்று எழுதுகிறேன். இதில் யாருக்கும் மறுப்பிருக்காது என நினைக்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

குழுவின் மலைப்பறவைப் பட்டியலில் இதுவரை "பிளித் உழவாரன்" என்று இருந்த வரியைப் "பசிபிக் உழவாரன் தொகுதி" என்று மாற்றி, அடையாளத்துக்கான அடிப்படை என்ற புதிய கட்டத்தையும் சேர்த்திருக்கிறேன். பழைய பதிவுகளில் படம் உள்ளவற்றை ஏட்டுச்சுவடி ஐயாவும் பூம்பாறை அவர்களும் மறுபடி பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படமில்லாதவை தொகுதியின் பெயரிலேயே இருக்கும். முதுகுப்புறப் படம் வைத்திருப்பவர்கள், எடுத்த நாளையும் காட்சிமுனையின் பெயரையும் சேர்த்து இந்த இழையிலேயே பதியவும். கொடைக்கானல் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு படம்கூட வரவில்லை.

பூம்பாறை எழுதியது:

தூண் பாறையில் இந்தப் பருவம் முழுதும் மேகம். வானம் விலகியதும் அனுப்புகிறேன்.